மறைமலையடிகளும் மொழித் தூய்மையும்

முதுகலை இரண்டாம் ஆண்டு, தமிழ்த் துறை

சென்ற ஆண்டு நம் கல்லூரித் தமிழ் மன்றத்தில் ஒரு பட்டிமன்றம் நடைபெற்றது. மொழித் தூய்மையில் சிறந்து விளங்கியது அன்றைய தமிழா, இன்றைய தமிழா என்பது தலைப்பு. அன்றைய தமிழே என்னும் அணியில் நான் மூன்றாவதாகப் பேசினேன். சங்க காலத்தில் தெளிந்த நீரோடையாக இருந்த தமிழ் காலம் செல்லச் செல்லக் கலங்கிச் சேறாகிவிட்டது என்று முழங்கினேன். தனித்தமிழ்த் தந்தை மறைமலையடிகளைச் சான்றுக்கு அழைத்தேன். கைதட்டல் நிறையக் கிடைத்தது. நடுவரும் எங்கள் அணிக்கே தீர்ப்பு வழங்கினார்.

அந்த வெற்றியை வீட்டுக்குக் கொண்டு சென்றபோதுதான் தொல்லை தொடங்கியது. என் அன்னையார் எழுதப் படிக்க அறியாதவர். சாவி எங்கே என்று அவர் கேட்டால், அது போர்த்துக்கீசியச் சொல், திறவுகோல் என்று சொல் என்பேன். ஜன்னல் என்றால் சாளரம் என்பேன். அலமாரி என்றால் நிலைப்பேழை என்பேன். முதலில் அவர் சிரித்தார். உறவினர் எதிரிலும் நான் திருத்தத் தொடங்கியதும் அந்தச் சிரிப்பு நின்றது. நாளடைவில் என்னிடம் பேசுவதே குறைந்தது. சொல்ல வேண்டியதைத் தங்கையிடம் சொல்லி அனுப்பலானார். படித்த பிள்ளையிடம் வாய் திறக்கவே பயமாக இருக்கிறது என்று அவர் பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்லி வருந்தியதைத் தங்கை வந்து கூறினாள். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. தாய்மொழியைக் காக்கப் புறப்பட்டவன் பெற்ற தாயின் வாயை அல்லவா அடைத்துவிட்டேன்!

அதன் பிறகே, மேடையில் யாரைச் சான்றுக்கு அழைத்தேனோ அவருடைய வாழ்க்கையை முழுமையாகப் படிக்க முற்பட்டேன். படிக்கப் படிக்க, நான் பேசியதில் பாதி பிழை என்பது விளங்கியது. அதை ஒப்புக்கொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

துறைமுக நகரில் தோற்றம்

அடிகளார் 1876-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 15-ஆம் நாள் நாகப்பட்டினத்தில் பிறந்தார். தந்தையார் சொக்கநாதர், தாயார் சின்னம்மையார். பெற்றோர் இட்ட பெயர் வேதாசலம்.

பிறந்த ஊரைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். நாகை பழம்பெருந் துறைமுகம். சோழப் பேரரசர் காலத்திலேயே கடல் கடந்த ஸ்ரீவிஜய அரசர் சார்பில் அங்கே பௌத்த விகாரம் எழுந்தது. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் அங்கே கால் ஊன்றினர். 1658-இல் டச்சுக்காரரும், 1781-இல் ஆங்கிலேயரும் அந்நகரைக் கைப்பற்றினர். என் அன்னையார் சொல்லும் சாவியும் ஜன்னலும் அலமாரியும் இத்தகைய துறைமுகங்களில் கரையேறித்தான் தமிழர் வீடுகளுக்குள் புகுந்தன. தனித்தமிழ் இயக்கத்தின் தந்தை பல மொழிகள் வந்து இறங்கிய ஒரு துறையில் பிறந்தார் என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

நாகையில் வெசுலியன் மிஷன் பள்ளியில் அவர் பயின்றார். இளமையிலேயே தந்தையார் மறைந்தமையால் பள்ளிப் படிப்பு இடையில் நின்றது. ஆனால் கல்வி நிற்கவில்லை. அவ்வூரில் புத்தகக் கடை வைத்திருந்த நாராயணசாமிப் பிள்ளை என்னும் புலவரை அடைந்து இலக்கண இலக்கியங்களைக் கற்றார். பட்டம் எதுவும் பெறாமல், ஒரு புத்தகக் கடையையே கல்லூரியாகக் கொண்டு வளர்ந்தவர் அவர். அரசு கல்லூரியில் படிக்க இடம் கிடைத்தும் நூலகப் பக்கம் போகாத நம்மில் சிலர் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

அவருடைய புலமையை மனோன்மணீயம் இயற்றிய சுந்தரம் பிள்ளை அறிந்து பாராட்டினார். அவர் உதவியால் திருவனந்தபுரத்தில் சில காலம் ஆசிரியப் பணி கிடைத்தது. சைவ சித்தாந்தத்தில் சோமசுந்தர நாயகர் அவருக்கு நல்லாசானாக வாய்த்தார்.

கல்லூரி ஆசிரியர்

1898-இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் தமிழாசிரியர் பணிக்கு அவர் வந்தார். அங்கே தமிழ்த் துறையில் முன்னரே விளங்கியவர் வி.கோ. சூரியநாராயண சாஸ்திரியார். தம் பெயரைப் பரிதிமாற் கலைஞர் எனத் தமிழாக்கிக் கொண்டவர் அவரே. பணிக்கான நேர்காணல் பற்றித் தமிழ் வகுப்புகளில் இன்றும் ஒரு கதை வழங்குகிறது. ஆய்தத் தொடர்க் குற்றியலுகரத்துக்கு எடுத்துக்காட்டுக் கேட்டபோது, அஃது தமக்குத் தெரியாது என்று இளைஞர் வேதாசலம் விடை அளித்தாராம். மற்றவர்கள் இவருக்கு இலக்கணம் தெரியவில்லையே என்று கருத, அஃது என்னும் சொல்லே அதற்கு எடுத்துக்காட்டு என்பதைச் சாஸ்திரியார் உணர்ந்து மகிழ்ந்தாராம். இருவரும் அன்பு பூண்ட நண்பர் ஆயினர். 1903-இல் சாஸ்திரியார் இளம் வயதிலேயே மறைந்தது தமிழுக்கு நேர்ந்த பேரிழப்பு.

அக்காலத்துத் தமிழ் உரைநடை எப்படி இருந்தது? கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவர் அக்கிராசனாதிபதி. செயலாளர் காரியதரிசி. சொற்பொழிவு பிரசங்கம். நன்றி கூறுதல் வந்தனோபசாரம். திருமணம் விவாகம். பல்கலைக்கழகம் சர்வகலாசாலை. தேர்தலில் நிற்கும் வேட்பாளரை அபேட்சகர் என்றே பின்னரும் பல்லாண்டுகள் எழுதினார்கள். அன்று நம் கல்லூரி இருந்து, இதுபோன்ற ஒரு மலரை வெளியிட்டிருந்தால், அதற்கு ஆண்டு மலர் என்று பெயர் சூட்டியிருப்பார்களா என்பதே ஐயம்.

வேதாசலனாரின் எழுத்தும் அக்காலத்துக்கு விலக்காக இல்லை. 1902-இல் அவர் தொடங்கிய இதழின் பெயர் ஞானசாகரம். அவர் காளிதாசனின் சாகுந்தலத்தை வடமொழியிலிருந்து தமிழில் பெயர்த்து 1907-இல் வெளியிட்டார். வடமொழியை வெறுத்து ஒதுக்கியவர் என்று அவரைப் பற்றி மேடையில் பேசிய எனக்கு இது முதல் அடி. அம்மொழியை முறையாகக் கற்றுத் தேர்ந்தவர் அவர். ஆங்கிலத்திலும் வல்லவர், தம் நாட்குறிப்பையே ஆங்கிலத்தில் எழுதி வந்தவர். பிற மொழிகளை அறியாமையால் அவர் தமிழைத் தனித்து நிறுத்த முற்படவில்லை. எது எவருடைய சொல் என்று பிரித்தறியும் கல்வி இருந்தமையால்தான் அவரால் அதைச் செய்ய முடிந்தது.

பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் தமிழுக்கு இருந்த இடம் சுருங்கியபோது, 1911-இல் அவர் கல்லூரிப் பணியை விட்டு விலகினார். பதின்மூன்று ஆண்டுப் பணி அத்துடன் முடிந்தது. சென்னையை அடுத்த பல்லாவரத்தில் குடியேறினார். துறவுக் கோலம் பூண்டு, சுவாமி வேதாசலம் எனப் பெயர் பெற்றார். ஆங்கே அவர் நிறுவிய அமைப்பின் பெயரும் சமரச சன்மார்க்க நிலையம் என்பதே. நாற்பது அகவையை நெருங்கும் வரை அவருடைய பெயர், இதழ், நிலையம் மூன்றும் வடசொற்களாலேயே வழங்கின.

ஒரு சொல்லால் நேர்ந்த மாற்றம்

1916-ஆம் ஆண்டு அடிகளார் தம் மகள் நீலாம்பிகையுடன் தோட்டத்தில் உலவிக் கொண்டிருந்தார் என்பர். சிறுமி வள்ளலார் பாடல் ஒன்றை இனிய குரலில் பாடினார். அதில் உடலைக் குறிக்கத் தேகம் என்னும் சொல் வந்தது. அவ்விடத்தில் யாக்கை என்னும் தமிழ்ச் சொல் இருந்திருந்தால் பாட்டின் ஓசை இன்னும் இனித்திருக்குமே என்று தந்தை கூறினார். அப்படியானால் நாம் ஏன் இனித் தமிழ்ச் சொற்களாலேயே பேசவும் எழுதவும் கூடாது என்று மகள் கேட்டார். தனித்தமிழ் இயக்கம் இவ்வாறு தந்தையும் மகளும் பேசிய ஒரு பேச்சிலிருந்து பிறந்தது.

இந்நிகழ்ச்சியை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்த்ததில்லை. வள்ளலார் 1874-இல் மறைந்தவர். உள்ளம் உருகப் பாடிய அருளாளர். அவர் வாக்கிலேயே தேகம் இருந்தது. அதற்காக அடிகளார் வள்ளலாரைக் குறை கூறவில்லை; அப்பாடல்களை வெறுக்கவும் இல்லை. மகளைப் பாடாதே என்று தடுக்கவும் இல்லை. பாட்டின் அழகில் ஈடுபட்டு, ஒரு சொல்லைப் பற்றி ஓர் ஆசையைச் சொன்னார். அவ்வளவே. நானோ என் அன்னையாரின் சொல்லைப் பிடுங்கி, என் சொல்லை அவர் வாயில் திணித்தேன்.

அதன்பின் அடிகளார் செய்தவற்றைப் பாருங்கள். முதலில் தம் பெயரை மாற்றினார். வேதம் மறையாயிற்று, அசலம் மலையாயிற்று, சுவாமி அடிகள் ஆயிற்று. ஞானசாகரம் அறிவுக்கடல் ஆயிற்று. சமரச சன்மார்க்க நிலையம் பொதுநிலைக் கழகம் ஆயிற்று. தம் மக்கள் சிலரின் பெயர்களையும் தமிழாக்கினார். திரிபுரசுந்தரி முந்நகரழகி ஆனார். இவற்றினும் கடினமான ஒரு பணியையும் மேற்கொண்டார். தாம் முன்னர் எழுதி அச்சிட்ட நூல்களை எடுத்து, மறுபதிப்புகளில் வடசொற்களைக் களைந்து தமிழ்ச் சொற்களை அமைத்தார். எழுத்தாளர் எவருக்கும் தம் பழைய எழுத்தைத் தாமே திருத்துவது எளிதன்று. பிறர் நகைத்தபோதும் அவர் தளரவில்லை. அடிகளார் முதலில் திருத்தியது தம்மையே.

இதில் ஒரு நயமும் உண்டு. இயக்கத்துக்கு வித்திட்ட மகளின் பெயர் மட்டும் நீலாம்பிகை என்றே நிலைத்துவிட்டது. வடசொற்களுக்கு நேரான தமிழ்ச் சொற்களைத் தொகுத்து அகரவரிசை நூல் தந்த அவ்வம்மையாரை, அவருடைய வடமொழிப் பெயராலேயே தமிழுலகம் இன்றும் போற்றுகிறது.

முல்லைப்பாட்டு சொல்லும் உண்மை

இனி, அன்றைய தமிழ் தூயதாக இருந்ததா என்னும் வினாவுக்கு வருவோம். வடமொழியின் துணையின்றியே தமிழ் இயங்க வல்லது என்பது அடிகளாரின் உறுதி. 1856-இல் ஒப்பிலக்கணம் வெளியிட்ட கால்டுவெல்லும் அதனையே வற்புறுத்தினார். சங்கப் பாடல்களில் வடசொற்கள் மிகக் குறைவு என்பதும் உண்மை. ஆனால் குறைவு என்பது வேறு. அறவே இல்லை என்பது வேறு. மேடையில் நான் இரண்டையும் குழப்பிவிட்டேன்.

கல்லூரியில் கற்பித்த காலத்தில் அடிகளார் முல்லைப்பாட்டுக்கு ஆராய்ச்சியுரை எழுதி 1903-இல் வெளியிட்டார். நப்பூதனார் பாடிய அப்பாட்டு 103 அடிகளே கொண்டது. பத்துப்பாட்டில் மிகச் சிறியது. அதனை இம்முறை சொல் சொல்லாகப் படித்தேன். அரசன் பாசறையில் யவனர் காவல் இருக்கின்றனர். யவனர் என்னும் பெயரே அயல்நாட்டிலிருந்து வந்தது. அவர்கள் வைத்திருக்கும் சாட்டைக்கு மத்திகை என்று பெயர். அது கிரேக்கச் சொல்லின் திரிபு என அறிஞர் கூறுவர். பேசா நாவினராய் அரசனுக்கு ஏவல் செய்யும் மிலேச்சரும் அங்கே உள்ளனர். மிலேச்சர் என்பது வடசொல். கல்வியறிவு இல்லாத இளைஞர்கள் யானைகளுக்குக் கவளம் ஊட்டும்போது வடமொழிச் சொற்களைக் கூறிப் பழக்குகின்றனர் என்றும் புலவர் பாடுகிறார்.

இந்தக் கடைசிச் செய்தியில் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். சங்கப் புலவர்கள் தேர்ந்தெடுத்த சொற்களால் பாடினார்கள். அப்பாடல்களில் தேர்ந்தவற்றையே பிற்காலத்தார் தொகுத்துக் காத்தார்கள். அன்றைய சந்தையிலும் கொட்டிலிலும் கடற்றுறையிலும் மக்கள் பேசிய பேச்சு நமக்குக் கிடைக்கவில்லை. அதன் ஒரு கீற்று இந்த யானைப் பாகர் காட்சியில் தெரிகிறது. அங்கும் கலப்பு இருந்திருக்கிறது. அன்றைய பாட்டையும் இன்றைய பேருந்துப் பேச்சையும் ஒன்றோடொன்று நிறுத்தித் தூய்மையை அளந்தால், அளவுகோலே தவறிவிடும் அன்றோ?

இன்னொன்றும் கண்டேன். தேகத்துக்கு ஈடாக அடிகளார் விரும்பிய யாக்கை என்னும் சொல் முல்லைப்பாட்டிலேயே உள்ளது. தோலும் தசையும் எலும்பும் சேர்த்துக் கட்டப்பட்டது என்னும் பொருள்பட வந்த அழகிய சொல் அது. எங்கே உள்ளது தெரியுமா? யவனரின் வலிய உடலைக் கூறும் அதே அடியில்! யாக்கையும் யவனரும் ஓரடியில் அருகருகே நிற்கின்றனர். பழந்தமிழ் என்பது இதுதான்.

தொல்காப்பியரும் சொற்களை நால்வகையாகப் பகுத்தபோது, இயற்சொல், திரிசொல், திசைச்சொல் என்பவற்றோடு வடசொல்லையும் வைத்தார். வடவெழுத்தை விலக்கித் தமிழெழுத்தால் அமைத்துக் கொள்ள வேண்டும் என்று நெறியும் வகுத்தார். வராத விருந்தாளிக்கு யாரும் வாயிற்படியில் விதி எழுதி வைப்பதில்லை. மதுரைக்கு அருகே மாங்குளத்துக் குகைக் கல்வெட்டுகள் தமிழில் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துகளில் சேர்ந்தவை. நெடுஞ்செழியன் பெயர் வரும் அக்கல்வெட்டிலேயே தம்மம் என்னும் பிராகிருதச் சொல் பொறிக்கப்பட்டுள்ளது.

பின்னர் வைணவ உரையாசிரியர்கள் தமிழையும் வடமொழியையும் கோத்து மணிப்பிரவாள நடையில் எழுதினர். கம்பரோ லட்சுமணனை இலக்குவனாகவும் விபீடணனை வீடணனாகவும் ஆக்கித் தமிழோசைக்குள் கொண்டுவந்தார். எல்லாக் காலத்திலும் கலப்பு இருந்தது. கலப்பைத் தமிழாக்கும் உழைப்பும் இருந்தது. தூய்மை என்பது என்றோ ஒருநாள் நம் முன்னோர் கையில் முழுமையாக இருந்து, பிறகு தொலைந்துபோன நகை அன்று. அன்றாடம் பெருக்கித் தூய்மை செய்யும் வீட்டு முற்றம் போன்றது அது.

வென்றது யார்?

இவ்வாறு எண்ணினால் பட்டிமன்றத் தலைப்புக்கே வேறு விடை கிடைக்கிறது. எழுத்துத் தமிழைப் பொறுத்தவரை, 1900-ஆம் ஆண்டைவிட இன்றைய தமிழே தெளிவானது. அக்கிராசனாதிபதி தலைவராகவும், காரியதரிசி செயலாளராகவும் ஆனது தானாக நிகழவில்லை. அடிகளார் தொடங்கி, தேவநேயப் பாவாணர் முதலிய அறிஞர்களும், இதழ்களும், மேடைகளும், ஆட்சித் துறையினரும் அரும்பாடுபட்டதன் விளைவு அது. பழமையில் இருந்ததை மீட்கிறோம் என்று அவர்கள் நம்பியிருக்கலாம். உண்மையில் அவர்கள் புதிய ஒன்றையே படைத்தார்கள்.

பேச்சில் நிலை வேறு. எக்ஸாம், ஹால் டிக்கெட், அரியர் என்று நாம் நாளெல்லாம் பேசுகிறோம். வடசொல் விலகிய இடத்தில் ஆங்கிலம் அமர்ந்துவிட்டது. ஆகவே இன்றைய தமிழே தூயது என்று எதிரணியும் மார்தட்ட இயலாது.

அடிகளார் 1950-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தம் 74-ஆம் அகவையில் மறைந்தார். வாழ்நாள் முழுவதும் உழைத்துப் பெற்ற பொருளைக் கொண்டு ஆயிரக்கணக்கான நூல்களைச் சேர்த்து வைத்திருந்தார். அவை பொதுமக்களுக்குப் பயன்படும் வண்ணம், 1958-இல் சென்னை லிங்கிச் செட்டித் தெருவில் அவர் பெயரால் நூல்நிலையம் அமைந்தது. தமிழ் நூல்களுடன் ஆங்கில நூல்களும் நிறைந்த தொகுப்பு அது. தமிழ்த் தூய்மைக்கு உழைத்தவர் பிறமொழி அறிவுக்குக் கதவடைக்கவில்லை என்பதற்கு அதுவே சான்று.

சென்ற பொங்கல் விடுமுறையில் ஊருக்குச் சென்றேன். அன்னையார் அடுக்களையில் இருந்தார். அவர் பேச்சை முதன்முறையாகத் திருத்தாமல் கேட்டேன். அகப்பை, உறி, முறம், உலக்கை, கொல்லை என்று நம் பாடநூல்களிலும் அருகிவரும் தமிழ்ச் சொற்கள் அவர் வாயில் தாமாக வந்தன. நடுவே சாவியும் அலமாரியும் வந்தன. யாக்கையும் யவனரும் நின்ற அடியே என் நினைவுக்கு வந்தது. மாலையில் கடைத்தெருவுக்குப் புறப்பட்டபோது, அம்மா, சாவி எங்கே என்று கேட்டேன். அவர் என்னை ஒருமுறை உற்றுப் பார்த்தார். திறவுகோல் ஆணியில் தொங்குகிறது என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். பல மாதங்களுக்குப் பின் அவர் என்னிடம் நேரே பேசிய பேச்சு அது.

இனியும் நான் எழுதும்போது நல்ல தமிழ்ச் சொல்லையே தேடுவேன். அந்த உறுதியில் மாற்றமில்லை. ஆனால் தேடும் உழைப்பு என்னுடையதாக இருக்கும்; பிறர் பேச்சை அதனால் அளக்க மாட்டேன். முன்னோர் தூய்மையாக வாழ்ந்தார்கள் என்று பெருமை பேசுவது எளிது. நாம் எழுதிய ஒரு பக்கத்தை எடுத்து, அதில் ஒரு சொல்லையாவது நாமே திருத்துவது கடினம். அடிகளார் தம் வாழ்வால் காட்டிச் சென்றது அந்தக் கடினமான வழியையே.